பிப்ரவரி முப்பது

ஆடி பன்னிரண்டாம் தேதி காலை பத்தே காலுக்கு மாரிக்கனியின் முடுக்கி பசை வாளிக்குள் விழுந்தது.

ஒரு தும்மல்தான் காரணம். பைண்டிங் பகுதி வழியாகத் தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். புதுக் காகிதத்தின் தூசி மூக்கில் ஏறியது. தும்மியதில் தலை குனிந்தது. காதுக்குப் பின்னால் கவ்வியிருந்த முடுக்கி நழுவியது. பசை கெட்டியாக இருந்ததால் சத்தம் வரவில்லை. ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

பைண்டிங் பெண்கள் ஆறு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் காதுகளில் முடுக்கி இருந்தது. விரல்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

சுடலை ஓடிவந்து கரண்டியால் துழாவினான். பக்கம் அமைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"அக்கா, அல்வா மாதிரி வருது."

"கிண்டாத. எடு."

நகவெட்டி அளவு பொருள்தான் முடுக்கி. மூன்று வருடத்துக்கு முன்னால் சிவகாசிக்கு வந்தது. மாட்டிக்கொண்டால் மூளை இருபது மடங்கு ஓடும், கை கூடவே ஓடும். மாட்டுவதுதான் தெரியும், கழற்றுவதுதான் தெரியும். நடுவில் வேலை முடிந்திருக்கும். மிச்சமான நேரம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. ஆர்டர் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

மாரிக்கனி மதுரைக் கடைக்குப் போன் போட்டாள்.

"அனுப்பி வைங்கக்கா. காய வச்சு, தொடச்சு, திருப்பி அனுப்ப அஞ்சு நாளாகும்," என்றான் மெக்கானிக்.

"அதுவரைக்கும் வேற ஆளோடத மாட்டிக்கிட்டா?"

"உங்க காதுக்குப் பழகினதுதான் உங்களுக்கு ஓடும். அடுத்தவங்களோடத மாட்டினா வாந்திதான்."

இனி முதலாளியிடம் போக வேண்டும். சோலை காலண்டர்ஸ் தங்கப்பழம் அண்ணாச்சி பகல் முழுக்க முடுக்கியைக் கழற்ற மாட்டார். கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

"முடுக்கி போச்சா? போச்சு. பசையிலயா? பசையில. ஏம்மா மாரி, ஆடிப் பதினெட்டு என்ன நாளு? சொல்லாத, நானே சொல்றேன். ஆல்பம் வெளிய வர்ற நாளு."

ஊருக்கே தெரிந்த விஷயம். ஆடிப்பெருக்கு அன்று காலை எல்லா அச்சகத்திலும் பூசை போட்டு அடுத்த வருட காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஏஜெண்டுகள் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு மாதிரி இல்லாத அச்சகத்துக்கு அந்த வருடமே இல்லை.

"முடுக்கி இல்லாம முந்நூத்தி அறுவத்தஞ்சு தாளையும் படிக்க எத்தன நாளாகும்? சொல்லாத. ஒரு மாசம்."

"அஞ்சு நாள் அண்ணாச்சி. தாளுக்கு ஏழு நிமிசம்."

அண்ணாச்சி ஒரு கணம் நின்றார். அவருக்கு அது நீண்ட நேரம்.

"பதினேழாம் தேதி சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கையெழுத்துப் போட்டுரு. முடியலன்னா மெஷினே சரி பாத்துக்கும். அப்புறம் மெஷினே பாக்கட்டும், எப்பவும். அந்த நாற்காலிய வாட்ச்மேனுக்குப் போட்டுருவேன்."

இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்தும் நாற்காலி அது. ஒவ்வொரு வருடமும் கடைசித் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'மா.க.' என்று போட்டால்தான் அச்சு ஓடும். காலண்டரில் அந்த இரண்டு எழுத்து வராது. ஆனால் அவள் சரி என்று சொன்ன தேதியில்தான் ஏழு மாவட்டத்துக்காரர்கள் தாலி கட்டினார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். ஜனவரி ஒன்று.

தேதி சரி. கிழமை சரி. ராகு காலம் சரி. எமகண்டம் சரி. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நொடி ஆகியிருந்தது. ஒரு பிறவி போலிருந்தது.

கால் தானாக ஆடியது. பேனா மூடியைக் கடித்தாள். பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பதைப்போல ஒவ்வொரு வரியிலும் நின்றாள். ஐந்தாம் தாளில் தலை வலித்தது. எட்டாம் தாளில் அழுகை வந்தது. மூன்று வருடமாக இரண்டு மணி நேரத்தில் முடித்த வேலை இது. அதை ஒருத்தி இப்படி ஊர்ந்து ஊர்ந்து செய்வதைப் பார்த்தால் அறையத் தோன்றும். அந்த ஒருத்தி அவளாக இருந்ததால் அறையவில்லை.

பதினோராம் தாளில் ஓர் அணில் இருந்தது.

தேதிக்குக் கீழே, ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவு ஓவியம். மாரிக்கனி பன்னிரண்டாம் தாளைப் பார்த்தாள். அதிலும் அணில். முன்னங்காலைத் தூக்கியிருந்தது. பத்தாம் தாளுக்குத் திரும்பினாள். அதில் கொய்யாப்பழம் மட்டும் இருந்தது.

"சுடலை! இங்க வா. இது எப்ப இருந்து இருக்கு?"

"எது?"

"அணிலு."

சுடலை வந்து பார்த்தான். முடுக்கியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

"ஆர்ட்டிஸ்ட் போட்டிருப்பாருக்கா. நான் பாத்ததே இல்ல."

"பத்தாந்தேதி பழம். பதினொண்ணு அணில் வருது. பன்னெண்டு எட்டிப் பாக்குது. பதிமூணு..."

பதிமூன்றில் பழம் இல்லை. அணில் குண்டாக இருந்தது.

இரண்டு பேரும் சிரித்த சத்தத்துக்குப் பைண்டிங் பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் திரும்பியும்விட்டாள்.

அதன்பிறகு தாள் ஓடவில்லை, அவளும் ஓடவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. தேநீர் வந்தது. அதன்மேல் ஆடை படிவதை மூன்று வருடத்துக்குப் பிறகு பார்த்தாள். முதலில் ஓரம் சுருங்கியது, பிறகு நடுவில் மெல்லிய மடிப்பு விழுந்தது. குடிக்காமல் பார்த்தாள். பிறகு ஆறிப்போனதைக் குடித்தாள். நன்றாக இருந்தது.

தாளின் பின்பக்கம் பல்லி விழும் பலன். தலை, நெற்றி, இடது முழங்கை என்று நீண்ட பட்டியல்.

"சுடலை, முடுக்கி மேல பல்லி விழுந்தா என்ன பலன்?"

"பல்லிக்கு நல்லதில்லக்கா. சுவத்துக்கு சுவரு ஓடியே செத்துரும்."

வீட்டில் நிலைமை வேறு. கணவன் ராசையா அதே அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நிற்பவன். வேலை முடிந்து முடுக்கியைக் கழற்றினாலும் வேகம் உடம்பை விட்டுப் போகாது. நாலு நிமிடத்தில் சாப்பாடு. ஒருவர் பேச ஆரம்பித்தால் இன்னொருவர் முடித்துவிடுவார்.

"இன்னிக்கு ஒரு..." என்றாள் மாரிக்கனி.

"அணில். சுடலை சொன்னான். வேற?"

வேறு இல்லை. அணிலைச் சொல்வதற்கு அவள் சாயங்காலம் முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள்.

ஆடி பதின்மூன்று. காலையிலேயே ராட்டினத்திலிருந்து இறங்கியவளைப்போலக் கிறுகிறுத்தது. ஆனால் நல்ல கிறுகிறுப்பு. பிழைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜனவரி பத்தொன்பதில், மோர் குளிர்ச்சி, தினமும் குடிக்கவும் என்று ஒரு குறிப்பு. இருபதாம் தேதியில், மோர் சளி தரும், தவிர்க்கவும். ஒரே ஊர்த் தேரோட்டம் பிப்ரவரி நாலிலும் இருந்தது, ஆறிலும் இருந்தது. தாள் தாளாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் படித்தால்தான் தப்பு. முடுக்கிக்குச் சேர்த்துப் படிக்கத் தெரியாது.

சாயங்காலம் அறுபதாவது தாளை எடுத்தாள்.

பிப்ரவரி 30 என்று இருந்தது.

கண்ணைத் துடைத்தாள். இடது கையை மடக்கி விரல் முட்டிகளில் மாதங்களை எண்ணினாள். ஜனவரி மேடு. பிப்ரவரி பள்ளம். பள்ளத்தில் முப்பதுக்கு இடமில்லை. அடுத்த வருடம் லீப் வருடமும் இல்லை. முந்தின தாளைப் பார்த்தாள். பிப்ரவரி 28, வெள்ளி. அடுத்த தாள் மார்ச் 1, சனி.

நடுவில் இது. கிழமை இருக்கவேண்டிய கட்டம் காலி. ராகு காலம், ஒரு சிறு கோடு. எமகண்டம், கோடு. குளிகை, கோடு. சூலம், சந்திராஷ்டமம், கோடு, கோடு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்:

நல்ல நேரம்: நாள் முழுவதும்.

மாரிக்கனி முழுதாக ஏழு நிமிடம் படித்தாள். பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லாத நாளுக்கு ராகு காலம் இல்லை என்பது சரிதானே.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுடலை தண்ணீர் கொண்டுவந்தான். தாளைப் பார்த்தான். தண்ணீரை அவனே குடித்தான்.

"என்னக்கா இது?"

"எங்கிட்ட கேக்குற? உன் மெஷினுதான போட்டுச்சு?"

சுடலை மெஷினிடம் போனான். பத்து நிமிடத்தில் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது.

"பங்குனி மாசம் மொத புரூஃப் போச்சுல்ல? அதுல சிகப்பு மையில திருத்தம் வந்திருக்கு. இங்க இன்னொரு நாள் வேணும்னு. மெஷினு போட்டுருச்சு. சிகப்பு மையில என்ன இருந்தாலும் செய்யும், கேள்வி கேக்காது."

"சரி, அப்ப இருபத்தொம்போதுன்னுல்ல போட்டிருக்கணும்?"

"அது லீப் வருசத்துக்குச் சொந்தமாம். தொடக்கூடாதுன்னு அதுக்கு விதி இருக்கு. அதான் முப்பது."

"நல்ல நேரம்?"

"பஞ்சாங்கத்துல அந்த நாளுக்குக் கெட்ட நேரமே இல்ல. கெட்டதக் கழிச்சா மிச்சம் நல்லதுதான?"

மெஷினின் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணாச்சி வந்தார். தாளைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் முடுக்கி மாட்டியிருந்த ஆறு பெண்களும் கை நிறுத்தினார்கள். அச்சகத்தில் அப்படி ஓர் அமைதி வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

"யாரு வேல இது? சுடலை வேல. உனக்குக் கொழுப்பு. நாலாவது மாசமே லீவு கேட்ட, குடுக்கல. அதுக்குக் காலண்டர்லயே நாள் போட்டுக்கிட்டியா?"

"அண்ணாச்சி, எனக்கு சிகப்பு மை பேனாவே கிடையாது!"

"வாங்கிருப்ப. பதினெட்டாந்தேதி பூசைக்கு நீ வேற கம்பெனியில சுண்டல் வாங்கித் தின்னு."

மாரிக்கனி எழுந்தாள்.

"அண்ணாச்சி, அந்த மொத புரூஃப் கட்டு ஸ்டோர் ரூம்ல கெடக்கும். எழுத்தப் பாத்தா ஆளு தெரிஞ்சுரும். நான் தேடிப் பாக்கேன்."

"ஒனக்கு எங்க நேரம்? இன்னும் முந்நூத்தி ஆறு தாளு கெடக்கு."

"படிச்சு முடிச்சுட்டுத் தேடுறேன். அதுவரைக்கும் அவன அனுப்பாதீங்க."

இப்போது ஆபத்தில் இருப்பது ஒரு நாற்காலி இல்லை, இரண்டு. தாளுக்கு ஏழு நிமிடம். அதற்குக் குறைத்து ஒரு தாளையும் விடவில்லை. குறைக்கலாமா என்று கை பரபரத்தபோதெல்லாம் அந்த அணிலை நினைத்துக்கொண்டாள். ஏப்ரலில் அது குட்டி போட்டது. ஜூனில் குட்டிகள் காணாமல் போய் அவளைப் பதறவைத்தன. ஜூலை மூன்றில் மாமரத்தில் கிடைத்தன. அதற்குள் பதினாறு பிழைகள் பிடித்திருந்தாள். எல்லாம் சேர்த்துப் படித்தால் மட்டும் தெரிகிற பிழைகள்.

பதினேழாம் தேதி பகல் ஒன்றரை மணிக்கு டிசம்பர் முப்பத்தொன்று முடிந்தது. கையெழுத்துப் போடாமல் ஸ்டோர் ரூமுக்கு நடந்தாள். சுடலை பின்னால் வந்தான். கோவிலுக்குப் போகிறவனைப்போல நெற்றியில் திருநீறு பூசியிருந்தான்.

பங்குனிக் கட்டு மூன்றாவது அலமாரியில் இருந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். ஜனவரியைத் தள்ளினார்கள். பிப்ரவரி இருபத்தெட்டு.

ஓரத்தில் சிவப்பு மையில், கோணலாக, அவசரமாக எழுதியிருந்தது.

இங்கே இன்னொரு நாள் வேண்டும்.

கீழே இரண்டு எழுத்து. மா.க.

சுடலை திருநீற்றைத் துடைத்துக்கொண்டான்.

மாரிக்கனி தாளைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். 'வே'யின் கொம்பு அவள் போடுகிற கொம்பு. எழுதியது மட்டும் நினைவில் இல்லை. துளிகூட இல்லை. மதுரைக்குப் போன் போட்டாள்.

"தம்பி, முடுக்கி போட்டிருக்கும்போது எழுதினது நமக்கு ஞாபகம் இருக்குமா?"

"இருக்காதுக்கா. பேசுனது நிக்கும், கை செஞ்சத வேல முடிஞ்சதும் தொடச்சுரும். இல்லன்னா மண்ட சூடாயிரும்ல. அட்டப் பெட்டியிலயே போட்டிருக்கே."

"எங்க போட்டிருக்கு?"

"பின்பக்கம். பொடி எழுத்துல."

இருபத்திரண்டு வருடமாகப் பொடி எழுத்துப் படிக்கிறவள் அந்தப் பெட்டியைப் படிக்கவில்லை.

"அப்ப அந்த நேரத்துல உள்ள உக்காந்து வேல பாக்கிறது யாரு தம்பி?"

"நீங்கதான்க்கா. வேற யாரு வருவா?"

போனை வைத்தாள். சுடலை அலமாரியின் கீழ்த் தட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் அவனுடைய பழைய வேலை அட்டைகள். மெஷின் எத்தனை மணிக்கு ஓடியது என்று அவனே நிரப்பிய அட்டைகள். ஒன்றை எடுத்து நீட்டினான். கட்டங்களுக்கு வெளியே பென்சிலில் எழுதியிருந்தது: முதுகு அரிக்கிறது.

அடுத்த அட்டையிலும் அதே. பதினோரு அட்டைகளில் அதே.

"சொறிஞ்சுருக்கலாம்லக்கா? யாரு வேண்டாம்னா?" என்றான். சிரிப்பா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. மாரிக்கனி அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். இருவரும் புழுதியில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

பிறகு எல்லாக் கட்டையும் அவிழ்த்தார்கள். பைண்டிங் பெண்களின் எண்ணிக்கைச் சீட்டுகள் ஒரு மூட்டை இருந்தன. 'பேச வேண்டும்' என்று ஒருத்தி. 'பேச வேண்டும்' என்று அவளுக்கு அடுத்த இடத்தில் உட்காருகிறவள். 'பக்கத்தில் இருப்பவள் பெயர் என்ன' என்று மூன்றாமவள். 'மழை பெய்கிறதா' என்று ஒரு ஐப்பசிச் சீட்டு. யாரும் வாசித்ததில்லை. சிவப்பு மை மட்டும்தான் மெஷினுக்குப் போகும். மற்ற மைகள் ஸ்டோர் ரூமுக்கு.

கட்டிங் பகுதிச் சீட்டுகளில் ராசையாவின் எழுத்து இருந்தது. மாரிக்கனி அதைப் படித்தாள். சுடலைக்குக் காட்டாமல் மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"யாருன்னு தெரிஞ்சுச்சா? தெரிஞ்சுச்சு. யாரு? சொல்லாத..."

"நான்தான் அண்ணாச்சி."

சிவப்பு மைத் தாளைக் கொடுத்தாள். அவர் படித்தார். திருப்பிக் கொடுக்க வந்தவரின் கையில் சுடலை இன்னொன்றைத் திணித்தான். டெலிவரி ஆர்டர் ஒன்றின் பின்பக்கம். பச்சை மை. அந்த அச்சகத்தில் பச்சை மையில் எழுதுகிறவர் ஒருவர்தான்.

என்ன அவசரம்?

"எவன்டா என் எழுத்துல எழுதினது!" என்று கத்தினார் அண்ணாச்சி. பிறகு மறுபடி படித்தார். சட்டைப் பையிலிருந்த பச்சைப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். கை காதுக்குப் போனது. மூன்று வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் முடுக்கியைக் கழற்றினார்.

கழற்றியதும் ஸ்டோர் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தல சுத்துதும்மா."

"கொஞ்ச நேரம் சுத்தும் அண்ணாச்சி. அப்புறம் நல்லாருக்கும்."

மூவரும் காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேசும்போது வார்த்தைகளுக்கு நடுவில் இடம் இருந்தது. அவர் குரல் இவ்வளவு கனமானது என்று மாரிக்கனி மறந்திருந்தாள்.

"பஞ்சாங்கத்துல இல்லாத நாள நான் எப்படிம்மா விக்க?"

"விக்க வேண்டாம் அண்ணாச்சி. வெட்டிரலாம். ஒரு கோடு போட்டாப் போதும்."

"கோடு போடு."

பேனாவைத் திறந்தாள். அண்ணாச்சி அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாள் முழுக்கவா?" என்றார்.

"ஆமா."

"ராகு காலம்?"

"கோடு."

"எமகண்டம்கூட இல்ல?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் பெருமூச்சு விட்டார். அறுபது வருடத்தில் அப்படியொரு நாளைக் கண்டதில்லை என்பது அந்த மூச்சில் இருந்தது.

"திருத்துறவ நீ. வெட்டுனாலும் சரி, விட்டாலும் சரி. கையெழுத்து உன்னது." எழுந்தார். பாதி வழியில் நின்றார். "ஏஜெண்டு எவனாவது பாத்துக் கேட்டான்னா, என் தலையும் சேந்துதான் உருளும். அதையும் யோசிச்சுக்க."

நாலரை மணிக்கு மாரிக்கனி தன் அறைக்குப் போனாள். அறுபதாவது தாளை மேசையில் வைத்தாள். அதன் முன்னால் ஏழு நிமிடம் உட்கார்ந்தாள். கோணலான அந்த எழுத்தை நினைத்தாள். இருபது மடங்கு ஓட்டத்தில், மூச்சு வாங்க நேரமில்லாத இடத்திலிருந்து, ஒருத்தி ஒரு வரி எழுதிப் போட்டிருந்தாள். அதைக் கேட்க ஆள் இல்லை, ஒரு மெஷினைத் தவிர.

கோடு போடவில்லை. முந்நூற்று அறுபத்தாறாவது தாளின் ஓரத்தில் 'மா.க.' என்று போட்டாள். நிதானமாகப் போட்டாள்.

ஆடிப் பதினெட்டு. சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, ஆல்பத்தை வெளியிட்டார்கள். நூற்றுப்பத்து ஏஜெண்டுகள். எல்லார் காதிலும் முடுக்கி. ஒவ்வொருவரும் காலண்டரை எடுத்து விர்ரென்று புரட்டினார்கள். சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தம். சுடலை தூணுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அண்ணாச்சிக்கு வேர்த்துக் கொட்டியது.

"அச்சு பளிச்சுன்னு இருக்கு அண்ணாச்சி," என்றார் கும்பகோணத்து ஏஜெண்டு.

"தப்பு ஏதும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

நூற்றுப்பத்து பேரும் அதையேதான் சொன்னார்கள். அண்ணாச்சி மாரிக்கனியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சுண்டல் அண்டாவுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். அவர் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

அன்றைக்கே மதுரையிலிருந்து முடுக்கி வந்தது. புதிது போலப் பளபளத்தது. மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்தாள். கனமாக இருந்தது, நன்றாக நின்றது.

பிப்ரவரி வந்தது, போனது.

வீட்டில் தாள் கிழிப்பது ராசையாவின் வேலை. பல் துலக்கிக்கொண்டே, பார்க்காமல் கிழிப்பான். சனிக்கிழமை காலையும் அப்படித்தான் வெள்ளிக்கிழமையைக் கிழித்தான். குப்பைக்கூடை வரை போனான். நின்றான். திரும்பி வந்தான்.

"மாரி."

"ம்."

"முப்பதுன்னு போட்டிருக்கு."

"அப்படியா?"

தெருவில் யாரோ கத்தினார்கள்.

"ஏ, இன்னிக்கு ராகு காலமே கெடையாதாம்ல!"

"கிழமையே இல்ல! பள்ளிக்கூடம் உண்டா இல்லையா?"

"எமகண்டமும் கோடுதான். வண்டிய எடு, இன்னிக்கே போய்ப் பொண்ணக் கேட்டுருவோம்."

ஒரு வீட்டில் சிரிப்பு ஆரம்பித்து, தெரு முழுக்க ஓட்டின்மேல் மழை விழுவதுபோலப் பரவியது. பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். யாரும் காதில் எதையும் மாட்டவில்லை. மாட்ட மறந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் முப்பதாம் தாளைக் கிழித்தாள், உற்றுப் பார்த்தாள், பிறகு குண்டூசியால் திரும்பக் குத்தி வைத்தாள்.

போன் அடித்தது. அண்ணாச்சி.

"மாரி, விடிஞ்சதுல இருந்து போன் விடாம அடிக்குது. ஏழு மாவட்டத்துல இருந்து. என்ன கேக்காங்க தெரியுமா? சொல்லாத, நானே..."

நிறுத்தினார். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"இல்ல. நீ சொல்லு. என்ன கேப்பாங்க?"

"இந்தத் தாளக் கிழிக்கணுமான்னு."

"அதேதான். என்ன சொல்ல?"

"அவங்க இஷ்டம் அண்ணாச்சி."

போனை வைத்தபோது ராசையா இன்னும் காலண்டர் முன்னால் நின்றான். தாளைத் தூக்கி, பின்பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். ஆடி மாதம் அவள் மணிபர்சில் வைத்த சீட்டு. காலண்டர் வீட்டுக்கு வந்த அன்றே அந்தத் தாளுக்குப் பின்னால் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள்.

"இது என் எழுத்துல்ல?"

"ஆமா. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி எழுதினது. கட்டிங் சீட்டு."

அவன் வாய்விட்டுப் படித்தான்.

"மாரியிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்."

திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் எண்கள் மட்டும்.

"என்ன விசயம்?"

"எனக்கெப்படித் தெரியும்? நீங்கதான சொல்லணும்."

"ஞாபகம் இல்லயே."

"உக்காருங்க."

"வேலைக்கு நேரமாச்சு மாரி."

"இன்னிக்கு என்ன கிழமை?"

அவன் காலண்டரைப் பார்த்தான். கட்டம் காலியாக இருந்தது. உட்கார்ந்தான்.

அவள் இரண்டு தம்ளர் தேநீர் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். ஒரு தாளின் முன்னால் உட்காருவதுபோல, கையை மடியில் வைத்துக்கொண்டு. அவன் கால் ஆடியது. காதின் பின்புறத்தைத் தடவினான், அங்கே எதுவும் இல்லை. தெருவில் யாரோ மேளம் தட்டினார்கள். தேநீரின் ஓரம் சுருங்கியது. நடுவில் மடிப்பு விழுந்தது. அவன் கால் நின்றது.

"அது வந்து..." என்றான் ராசையா.

மாரிக்கனி அந்த வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை.